திரைக்குப் பின்னால் பாடியது

பல் டாக்டர் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. டாக்டரின் மனைவி காலை ஷிப்ட் முடிந்து வந்தபோது வாசலில் லாரி நின்றது. படிக்கட்டில் நான்கு பேர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தூக்கிக்கொண்டிருந்தது பீரோவுக்குச் சற்றே குறைவான ஒரு பெட்டி. அதற்குள் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதன் ஜோடி இன்னும் லாரியிலேயே இருந்தது. இரண்டாவது ஜோடியைக் கடைக்காரர் தானே, கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, விசிலடிக்காத குறையாக மாடியேறி வந்தார். தேன் நிற மரத்தில் ரொட்டி டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தன அவை.

“இதுக்கும் அதுக்கும் விலை?” என்று அவள் கணவரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“ஏறக்குறைய ஒண்ணுதான்.”

அதைக் கேட்டதும் அவளுக்குப் பெரியதன் மேல் மரியாதையும் சின்னதன் மேல் சந்தேகமும் வந்தன.

கடைக்காரர் மெதுவாகப் பேசும் மனிதர். கோயில் பிரகாரத்தில் பேசுவதைப் போலவே வீட்டுக்குள்ளும் பேசினார். பதினைந்து நாள் இரண்டையும் வீட்டிலேயே வைத்துக் கேட்கலாம், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. “அவசரமே வேண்டாம் டாக்டர். நீங்க தேர்ந்தெடுக்கப் போறதில்ல. அதுவா உங்களத் தேர்ந்தெடுக்கும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வாசற்கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஸ்பீக்கர்கள் குடியேறிய அறை மகளுடையது. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய் ஒரு வருடம்கூட முடியவில்லை. அதற்குள் கட்டிலைக் கழற்றியாயிற்று. சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் பஞ்சுப் பலகைகள். தரையில் தடித்த விரிப்பு. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. ஏன் ஒன்று மட்டும் என்று அவள் கேட்டதற்கு, இந்த அறையில் ஒரு ஆளுக்குத்தான் சத்தம் சரியாகப் போய்ச் சேரும், அந்த இடத்திலிருந்து தலை ஒரு சாண் நகர்ந்தாலும் எல்லாம் கெட்டுப்போகும் என்று டாக்டர் விளக்கினார். வாயைத் திறந்தபடி தலையை அசைக்காமல் உட்காரச் சொல்லி ஊரையே மிரட்டி வந்தவர் இப்போது தானே அப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டாள்.

பெரிய கறுப்பு ஜோடிக்கு அவள் ‘சம்பந்திங்க’ என்று பேர் வைத்தாள். வந்தார்கள், வீட்டில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லாரும் அவர்கள் முன்னால் அடக்கமாக நடக்க வேண்டியிருந்தது. வேறு என்ன பேர் பொருந்தும்? மர ஜோடிக்குப் பேரே வைக்கவில்லை. சின்னது என்றால் போதும்.

இங்கே அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவள் அவசர உதவி மையத்தில் போன் எடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக, தலையில் ஹெட்போனோடு, அலறுகிறவர்களிடமும் அழுகிறவர்களிடமும் பேச்சே வராதவர்களிடமும் முதலில் ‘எங்கே இருக்கீங்க?’ என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. அங்கே அவளுக்குக் ‘காது அக்கா’ என்று பட்டப்பேர். சும்மா வந்ததில்லை அது. ஒருமுறை ஒருவர் போன் செய்து, “நெஞ்சு” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சாய்ந்துவிட்டார். லைன் மட்டும் திறந்திருந்தது. பின்னால் ஒரு லிஃப்ட் மணி. கதவு மூடப் பார்த்து, முடியாமல், மறுபடி திறந்து, மறுபடி மணி. அந்த லிஃப்ட்டின் இரட்டை மணியை அவள் முன்பு எங்கோ கேட்டிருந்தாள். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போன கட்டிடம். ஆம்புலன்ஸ் போனபோது அந்த மனிதரின் கால் லிஃப்ட் கதவுக்கு நடுவில் கிடந்ததாம். ஆள் பிழைத்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட காது வீட்டில் இருக்க, ஸ்பீக்கர் விஷயத்தில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவே இல்லை என்று சொன்னால் அது டாக்டருக்குச் செய்கிற அநியாயம். மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து, முதலில் பெரியதையும் பிறகு சின்னதையும் போட்டுக் காட்டினார்.

“எப்படி இருக்கு?” என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள், “பெரியதுல ஒரு மேடையே தெரியுது பாத்தியா? அகலம், ஆழம் எல்லாம்?” என்று பதிலையும் அவரே சொன்னார்.

“பெரியதுல பாடுறவரோட வாய் கதவு அகலத்துக்கு இருக்குங்க,” என்றாள் அவள். “சின்னதுல சாதாரண மனுஷன் மாதிரி உக்காந்து பாடுறார்.”

“அது உனக்குப் பழக்கமில்லாததால அப்படித் தோணுது,” என்றார் டாக்டர். அத்தோடு சரி. அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் தனியாகத்தான். மூன்று மணிக்கு அவள் வீடு திரும்புவாள். டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு வர எட்டாகும். முதல் நாள் தூசி தட்டத்தான் அந்த அறைக்குள் போனாள். துணியும் கையுமாக நின்றபடி ஒரு பாட்டைப் போட்டாள். பாதியில் துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்க ஒடுங்கிப்போன, உடைந்த, கரகரத்த குரல்களையே கேட்டு வருகிறவளுக்கு, ஒரு குரல் முழுசாக, மூச்சும் எச்சில் விழுங்குவதுமாக எதிரே உட்கார்ந்திருப்பது புதிதாக இருந்தது. அந்தக் குரலுக்கு எந்த உதவியும் தேவைப்படவில்லை. எங்கே இருக்கீங்க என்று கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு அதுவே பெரிய ஆறுதல். சின்னதில்தான் அது நடந்தது. சம்பந்திகள் பாடினால் அவளுக்குக் கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

இதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வாங்கி வைத்த மிட்டாயைத் தனியாகத் தின்றுவிட்டு டப்பாவை முன்போல அடுக்கி வைப்பார்களே, அதுபோல வால்யூமைப் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே டாக்டரின் சபை கூடியது. சபை என்றால் இரண்டு பேர். ஒருவர் என்ஜினியர். பாலம் கட்டுகிறவர், ஆனால் இருபது வருடமாக ஸ்பீக்கர் பற்றிப் படிக்காத நாளில்லை. லேப்டாப்பில் வளைந்து வளைந்து போகும் கோடுகளைக் காட்டித்தான் பேசுவார். இன்னொருவர் அவளுடைய தம்பி. வக்கீல். எதைப் பற்றியும் அவனுக்குக் கருத்து உண்டு. கட்சிக்காரர் இல்லாவிட்டாலும் வாதாடுவான்.

மூன்று பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். பெரியதா சின்னதா என்று முடிவாகவில்லை. என்ஜினியரின் கோடுகள் சில இடத்தில் பெரியதுக்குச் சாதகமாகவும் சில இடத்தில் சின்னதுக்குச் சாதகமாகவும் வளைந்தன.

“கண்ணால பாத்துக்கிட்டே கேட்டா மனசு பெரியது பக்கம்தான் போகும் மாமா,” என்றான் வக்கீல். “கண்ண மறைங்க. திரை கட்டுங்க. எது பாடுதுன்னு தெரியாம கேக்கலாம். காது என்ன சொல்லுதோ அதான் தீர்ப்பு.”

என்ஜினியர் இதற்கென்றே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். ஒரு பொத்தான், இரண்டு விளக்கு. பொத்தானை அழுத்தினால் பாட்டு ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். சிவப்பு எரிந்தால் கறுப்பு ஜோடி, பச்சை எரிந்தால் மர ஜோடி. காரிலிருந்து அதை எடுத்து வந்து மாட்டினார். அறைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய வேட்டியைக் கட்டினார்கள். மூன்று நாற்காலி போட்டார்கள். தலை ஒரு சாண் நகரக் கூடாது என்ற சட்டம் அன்றைக்கு மட்டும் ரத்தானது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தானை அழுத்த ஒரு ஆள் வேண்டும்.

“அக்கா இருக்கால்ல?” என்றான் தம்பி. “அவளுக்கு இதுல கட்சியே கிடையாது.”

அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். காசைச் சுண்டிப் போட்டு எந்த ஜோடி ‘ஒண்ணு’, எந்த ஜோடி ‘ரெண்டு’ என்று ரகசியமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் பன்னிரண்டு சுற்று. ‘இப்ப ஒண்ணு’, ‘இப்ப ரெண்டு’ என்று சொல்வதைத் தவிர வேறு பேச்சு கூடாது. அவர்கள் மூவரும் ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொள்வார்கள்.

காசு விழுந்தது. ஒண்ணு சின்னது, ரெண்டு பெரியது. அவள் தரையில், இரண்டு ஜோடிக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் சுற்று பாடியது. பொத்தானை அழுத்தினாள். பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. “இப்ப ரெண்டு,” என்றாள்.

பாட்டு மறுபடி தொடங்கியது. இரண்டாவது வரிக்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. பாடியது சின்னதுதான். அந்த மூச்சு, அந்த எச்சில் விழுங்கல், எல்லாம் பழகிய இடத்திலிருந்தே வந்தன. கையை நீட்டிச் சம்பந்தியின் மேல் வைத்துப் பார்த்தாள். கல்லுப்போல் கிடந்தது.

திரையை விலக்கித் தலையை நீட்டினாள். “ஒரு நிமிஷம். இது மாறல.”

“அக்கா!” என்று தம்பி கத்தினான். “நீ பேசவே கூடாது! சாட்சியக் கலைக்கிறியே!”

“லைட் மாறுதா சிஸ்டர்?” என்று என்ஜினியர் பொறுமையாகக் கேட்டார்.

“லைட் மாறுது. பாட்டு மாறல.”

“லைட் மாறினா எல்லாம் மாறின மாதிரிதான். நீங்க தைரியமா அழுத்துங்க.”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி, எனக்கென்ன வந்தது என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். பன்னிரண்டு சுற்றும் பொத்தானை அழுத்தினாள். பன்னிரண்டு சுற்றும் விளக்கு மாறியது. பன்னிரண்டு சுற்றும் சின்னதுதான் பாடியது. வேட்டிக்கு அந்தப் பக்கம் பேனா ஓடுகிற சத்தமும், “அப்பாடா!”, “இதப் பாருங்க, அடிச்சத்தம், அந்த பேஸ், எப்படி இறங்குது!”, “ஒண்ணுல குரல் மூக்கடைச்ச மாதிரி இல்ல?” என்கிற பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. இருபத்திரண்டு வருட வேலையில் அவள் எத்தனையோ பொய் அழைப்புகளைக் கேட்டிருக்கிறாள். பொய் சொல்கிறோம் என்றே தெரியாமல் இவ்வளவு சந்தோஷமாகப் பொய் சொன்னவர்களை இப்போதுதான் கேட்கிறாள்.

முடிந்ததும் தாள்களைப் படித்தார்கள். என்ஜினியருக்கும் வக்கீலுக்கும் சந்தேகமே இல்லை. இரண்டு இரண்டாக ஒப்பிட்ட ஆறு தடவையும் ஜெயித்தது ‘ரெண்டு’தான். என்ஜினியர் பத்திக் கணக்கில் எழுதியிருந்தார். “எனக்கும் அதேதான்,” என்று டாக்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் எழுதி வைத்த சீட்டைப் பிரித்தார்கள். ரெண்டு, கறுப்பு. தம்பி கைதட்டினான்.

“நான் அப்பவே சொன்னேன்,” என்றாள் அவள். “எல்லாத் தடவையும் சின்னதுதான் பாடிச்சு. பெரியது மேல கை வெச்சுப் பாத்தேன். ஒரு தடவகூட அதிரல.”

“நல்ல ஸ்பீக்கர்னா பெட்டி அதிரவே கூடாது சிஸ்டர்,” என்றார் என்ஜினியர். “அதுக்குத்தான் அந்த விலை.”

“அக்கா, உனக்கு இதெல்லாம் புரியாது. விடு,” என்றான் தம்பி.

அவள் விட்டுவிட்டாள். கேட்பதுதான் அவள் வேலை. ஒருத்தரை நம்ப வைப்பது அவள் வேலையில் சேர்த்தியில்லை. என்ஜினியர் தன் பெட்டியைக் கழற்றிக் காரில் வைத்துக்கொண்டு போனார். தம்பி இரண்டு கப் காபி குடித்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. அவள் ஷிப்ட் முடிந்து வந்து துணிகளை மெஷினில் போடும்போது, வழக்கம்போல் சட்டைப்பைகளைத் துழாவினாள். நான்காக மடித்த தாள் கிடைத்தது. பிரித்தாள். ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாக எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வார்த்தை எழுதியிருந்தது: ‘தெரியல’. கடைசி இரண்டில் எழுத்து அழுத்தமாக, தாள் கிழிகிற அளவுக்கு இருந்தது.

அவள் தாளை எடுத்துக்கொண்டு பாட்டு அறைக்குப் போனாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு எதுவும் ஓடவில்லை.

“மூணு பேர்ல நீங்க ஒருத்தர்தான் சரியா எழுதியிருக்கீங்க,” என்றாள்.

டாக்டர் தாளைப் பார்த்தார். “கிண்டல் பண்ணாத.”

“கிண்டல் இல்லங்க. உண்மையிலேயே மாறல. வித்தியாசம் எப்படித் தெரியும்?”

“மாறியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது,” என்றார் அவர். பிறகு, வாயைத் திறக்கப் பயப்படும் நோயாளியைப்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். பன்னிரண்டு நாளும் மாற்றி மாற்றிக் கேட்டும் அவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்ததாம். இரண்டு மூன்று வருடமாகவே இப்படித்தானாம். என்ஜினியர் ஜலதரங்கம்போல் மணி கேட்கிறது என்று சொன்னால் இவரும் ஆமாம் மணி என்பாராம். மணியே கேட்டதில்லையாம். ஆம்ப்ளிஃபயரை மாற்றினார், கேபிளை மாற்றினார். கடைசியில் ஸ்பீக்கரை மாற்றினால் சரியாகும் என்று நினைத்தாராம். காதை மாற்ற முடியாது என்பதால் மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறார்.

“முப்பது வருஷம். அந்த ட்ரில் காதுக்குப் பக்கத்துலயே ஓடிச்சு,” என்றார். “உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாத.”

அவள் தரைவிரிப்பில் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. முகம் தெரியாத ஒருவரின் லிஃப்ட் மணியைக் கண்டுபிடித்தவள், இந்த வீட்டு மைக்ரோவேவ் பீப் அடித்துக்கொண்டே இருக்க, அதன் பக்கத்திலேயே நின்று பேப்பர் படிக்கும் மனிதரைப் பார்த்து ‘ஒரு வேலைக்கு உடம்பு வளையாது’ என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்று வருடமாக.

“அப்ப எது வேணும் உங்களுக்கு? நிஜமா சொல்லுங்க.”

“பெரியது,” என்றார் டாக்டர் உடனே. “அது ஓடினா நெஞ்சுல ஏதோ தட்டுது. தரையில தெரியுது. சின்னதுல அதுகூட இல்ல எனக்கு.”

அவளுக்குச் சின்னதன் மேல் இருந்த ஆசை அந்த நிமிடம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டு இறங்கிப் போனது. “பெரியதே இருக்கட்டும்,” என்றாள். “ஆனா நீங்க காது டெஸ்டுக்கு வரணும்.”

“நானே ஒரு டாக்டர்.”

“பல்லுக்கு.”

மறுநாள் மாலை கடைக்காரர் சின்னதை எடுத்துப் போக வருவதாக இருந்தது. மதியமே அவள் வந்துவிட்டாள். ஒரு பாட்டு மட்டும் கேட்டாள். பிறகு அவளே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து ஒட்டினாள். கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு, “உங்க வீட்டுக்காரருக்கு அபாரமான காது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

காது பரிசோதனை அடுத்த வாரம் நடந்தது. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் டாக்டரை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள் பரிசோதிக்கும் பெண். மகள் வயதுதான் இருக்கும். நிறைய நேரம் டாக்டரின் விரல் பொத்தான் மேல் சும்மாவே இருந்தது. கடைசியில் ஒரு படம் வந்தது. மாடிப்படி இறங்குவதுபோல் ஒரு கோடு, வலது பக்கம் போகப் போகக் கீழே விழுந்தது. என்ஜினியரின் கோடுகளை எல்லாம் தலையாட்டி ரசித்தவர் இந்தக் கோட்டை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை.

அந்தப் பெண் மேஜைமேல் மூன்று விதக் காது மெஷின்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் சத்தம் எப்படி வித்தியாசப்படும் என்று விளக்கத் தொடங்கினாள். “போட்டுப் பாத்து, ஒரு வாரம் வீட்ல வெச்சிருந்து சொல்லுங்க சார்.”

“எது வெளியில தெரியாது?” என்றார் டாக்டர்.

அந்தப் பெண் காட்டினாள். “அது போதும்,” என்றார். ஸ்பீக்கர் தேட நான்கு மாதம் எடுத்துக்கொண்டவர் இதற்கு நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொள்ள ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

திரும்பும் வழியில் காரை ஓரம் கட்டினார். “வண்டியில எதோ உடைஞ்சிருக்கு. டிக்கு டிக்குனு சத்தம் வருது.”

“அது இண்டிகேட்டருங்க. வாங்கின நாள்லேர்ந்து வருது.”

ஒரு வாரம் வீடே அவருக்குத் திருவிழாவாக இருந்தது. பேப்பர் புரட்டினால் சரசரக்கிறது என்றார். குழாயில் தண்ணீர் இவ்வளவு பேசுமா என்றார். கிளினிக்கில், நாற்காலியில் படுத்துக்கொண்டு முனகுகிற நோயாளிகள் இத்தனை வருடமாக என்ன முனகினார்கள் என்பதும் தெரியவந்தது. அதில் பாதி அவரைப் பற்றியது. அதை மட்டும் அவர் வீட்டில் விவரமாகச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் அவர் பாட்டு அறைக்குள் போனார். சம்பந்திகள் முழங்கினார்கள். பத்தே நிமிடத்தில் வெளியே வந்தார். முகத்தில் ஒரு கண்டுபிடிப்பு.

“இங்க பாரு, ஒண்ணு சொல்றேன். யாரும் கவனிக்காத விஷயம். பெரியதுல பாடுறவரோட வாய் கதவு அகலத்துக்கு இருக்கு.”

“அப்படியா?” என்றாள் அவள்.

“ஆமா. மனுஷன் பாடுற மாதிரியே இல்ல. சின்னது எப்படியிருக்கும்னு இப்பக் கேக்கணும்.”

கடைக்காரருக்குப் போன் போட்டார். மிகவும் வருத்தத்தோடு, மெல்லிய குரலில், சின்னது விற்றுப்போய்விட்டது என்றார் கடைக்காரர். தொழிற்சாலையிலிருந்து வேறு ஜோடி வர நான்கு மாதம் ஆகுமாம். யார் வாங்கினது என்று கேட்டதற்குத் தயங்கினார். “உங்க டெஸ்ட்டுக்கு வந்தவர்தான் டாக்டர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்.”

அடுத்த போன் என்ஜினியருக்கு. டாக்டர் போனை ஸ்பீக்கரில் போட்டதால் அவளும் கேட்டாள்.

“எங்க ஹால் சின்னது டாக்டர், அதான்...” என்று தொடங்கிய என்ஜினியர், பிறகு ஒரேயடியாக உடைந்தார். திரை கட்டிய அன்றைக்குச் சாயங்காலமே தன் பொத்தான் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். உள்ளே தாவ வேண்டிய கம்பி தாவாமல் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததாம். “உங்க வீட்டம்மா சொன்னது நிஜம்தான். எல்லாத் தடவையும் சின்னதுதான் பாடியிருக்கு. அப்ப நான் எழுதினதெல்லாம் எதப் பத்தி? சின்னதப் பத்திதானே? ஆறு தடவ பிரமாதம்னு என் கையாலேயே எழுதியிருக்கேன். விட மனசு வருமா?”

“மிச்ச ஆறு தடவ மூக்கடைப்புன்னு எழுதினீங்களே?” என்று அவள் குறுக்கே கேட்டாள்.

“அது மனப்பிரமை சிஸ்டர்,” என்றார் என்ஜினியர்.

டாக்டர் அவரைத் திட்டினார். இருபது வருடச் சிநேகிதம் என்பதால் திட்டு முக்கால் மணி நேரம் நீண்டது. முடிவில் அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் அவளும் என்ஜினியர் வீட்டுக்கே போய்ச் சின்னதைக் கேட்டார்கள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்க உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வழக்கமான வார்த்தைகள் எதையும் எடுக்கவில்லை. “பாடுறதுக்கு முன்னாடி அவர் மூச்சு இழுக்கிறார்,” என்று மட்டும் சொன்னார். பிறகு அதே பாட்டை மறுபடி போடச் சொன்னார். அவளுக்கு ஏனோ அவரைப் பார்க்க முடியவில்லை. என்ஜினியரின் அலமாரியில் இருந்த கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்தபடியே கடைக்காரரிடம் சின்னதில் ஒரு ஜோடிக்குச் சொல்லிவிட்டார்கள். மிச்சமிருந்த சிக்கல் சம்பந்திகள். அவர்களை என்ன செய்வது? கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. ஆனால் விஷயம் காதில் விழுந்த அன்றைக்கே வக்கீல் தம்பி நான்கு ஆட்களோடு வந்து நின்றான்.

“மாமாவுக்கு வேணாம்னா எனக்குக் குடுங்க. நாம திரை கட்டி நிரூபிச்சதாச்சே!”

“டேய்,” என்றாள் அவள், “அன்னிக்கு இது பாடவே இல்லடா. பொத்தான் பெட்டி ரிப்பேர். வேணும்னா என்ஜினியரையே கேளு.”

“கேட்டேன். சொன்னார். அவர் சின்னத வாங்கிட்டார், அதுக்கு ஒரு காரணம் வேணும், அதுக்காகப் பெட்டி மேல பழியப் போடுறார். இந்த மாதிரிச் சாட்சிங்கள நான் கோர்ட்ல தினமும் பாக்குறேன்.” தம்பி கறுப்புப் பளபளப்பைத் தடவிக்கொடுத்தான். “என் காதால கேட்டேன் அக்கா. எனக்கே காது குத்தப் பாக்குறியா?”

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் வெளியிலேயே தெரியாத காது மெஷினையும் முடியால் மறைத்தபடி சுவரைப் பார்த்தார். நான்கு ஆட்களும் மூச்சு வாங்க, சம்பந்திகள் படி இறங்கிப் போனார்கள்.

நான்கு மாதம் முடிய இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. பாட்டு அறை காலியாகக் கிடக்கிறது. தம்பி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்து, சம்பந்திகள் தன் வீட்டில் எப்படி முழங்குகிறார்கள் என்று வர்ணிக்கிறான். நேற்று அவள் ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் கூப்பிட்டான். பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு பேஸ் இறங்குகிறதாம்.

“தட்டுறது கேக்குதாடா?” என்றாள் அவள்.

“பாட்டுச் சத்தத்துல அது எங்க கேக்குது? மறுநாள் அவங்க சொல்லித்தான் தெரியுது,” என்றான் அவன் பெருமையாக.

அவள் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.